ஆறு பெட்டி மேய்த்தவர்

என் அக்கா வீட்டுக்காரர் செய்த வேலைக்குப் பெயர் கிடையாது. யாராவது கேட்டால், "கடல்ல சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்" என்பார். பொய்யில்லை. காலையில் தூக்குச்சட்டியோடு தன் சின்னப் படகில் ஏறுவார். கரை கண்ணுக்கு மறைகிற தூரம் போவார். தொலைத்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி நாள் முழுக்க அங்கேயே சுற்றுவார். ஒரு மீன் கூடப் பிடிக்காமல் திரும்பி வருவார். அதற்குக் கூலியும் வாங்குவார். துறைமுகத்தில் அவருக்குச் "சும்மா" என்றே பெயர் விழுந்துவிட்டது. "சும்மா வந்தாச்சா?" "சும்மாவை எங்க காணோம்?" நான் மட்டும் அத்தான் என்பேன், அதுவும் அக்கா பக்கத்தில் இருந்தால். இப்போது அவர் ஜெயிலில் இருக்கிறார். அங்கே என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ, தெரியவில்லை.

ஆடு மாடு மேய்க்கிறவர்கள் உண்டு. இவர் மேய்த்தது பெட்டி. அதைச் சொல்லாமல் இவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எங்கள் துறைமுகத்துப் பெரிய படகு ஒவ்வொன்றின் கூரையிலும் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்க வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். படகு எங்கே நிற்கிறது, எங்கே போகிறது என்று அது துறைமுக அலுவலகத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கே ஒரு பெரிய திரையில் ஒவ்வொரு படகும் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். எதற்காக இவ்வளவு ஏற்பாடு என்றால், கரையிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் மூடிய கடல் என்று ஒன்று இருக்கிறது. மீன்கள் முட்டை விடுவதற்கு அங்கேதான் வந்து கூடும். அதனால் அங்கே வலை போடக்கூடாது என்று மூடிவிட்டார்கள். அதைத் தாண்டினால் அடுத்த நாட்டுக் கடல். ஆக, மீனுக்காக ஒரு கண், எல்லைக்காக ஒரு கண் என்று அரசாங்கம் அந்த இடத்தை இரண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தது.

திறந்த கடலில் ஒன்றும் இல்லை. பானையில் ஒட்டியதைக் கூடச் சுரண்டி எடுத்தாயிற்று. எனவே படகு முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். ஆறு படகும் அவருடையவைதான். கரையை விட்டு நகர்ந்ததும் சீல் உடையாமல் பெட்டியைக் கழற்றி அத்தானிடம் கொடுத்துவிடுவார்கள். பெட்டி இல்லாத படகு மூடிய கடலுக்குப் போகும். இதற்கு "மொட்டையாப் போறது" என்று பெயர். திரும்பி வரும்போது அத்தானிடம் பெட்டியை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைகள் போலத் துறைமுகத்துக்குள் வருவார்கள். அந்த ஆறில் ஒரு படகை ஓட்டியவர் என் வீட்டுக்காரர்.

சொன்னால் சுலபமாக இருக்கிறது. ஆறு பெட்டியையும் ஒரே படகில் போட்டுக்கொண்டு சுற்றினால் திரையில் ஆறு புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துகொண்டு ஊரைக் கூட்டிவிடும். அங்கேதான் அத்தானின் மூளை. நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியும் ஒரு பேட்டரியும் வைத்து மூடி, நீளமான கயிற்றில் நல்ல இடைவெளி விட்டுக் கட்டித் தன் படகின் பின்னால் இழுத்துப் போனார். தூரத்திலிருந்து பார்த்தால் வலை மிதவை என்றுதான் தோன்றும். திரையிலோ ஆறு படகுகள் பரவி நின்று மீன் பிடிக்கும். வலை போடுகிற நேரத்துக்கு வேகத்தைக் குறைப்பார். வலை வாங்குகிற நேரத்துக்கு நிறுத்துவார். ஒருபோதும் நேர்கோட்டில் போகமாட்டார்.

"உங்க படகைவிட என் பீப்பாய்ங்கதான் ஒழுங்கா தொழில் பண்ணுது" என்று என் வீட்டுக்காரரைச் சீண்டுவார்.

"பண்ணும் பண்ணும், மீனுதான் கரை வந்து சேராது" என்பார் இவர். சகலைகள் இரண்டு பேரும் அப்படித்தான். ஒருத்தரை ஒருத்தர் வாராமல் ஒரு வாய் சோறு இறங்காது.

ஒரு வருடம் அந்த அலுவலகமே, சட்டத்தை மதிக்கும் படகுகள் என்று சொல்லி எங்கள் முதலாளிக்கு ஒரு கேடயம் கொடுத்தது. அத்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பக்கத்தில் இருந்த அக்கா அவர் தொடையில் கிள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் நான்கு பேருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இந்த வேலைக்கு முன்னால் அத்தான் கடல் அட்டை எடுக்க முங்கிக்கொண்டிருந்தார். முதலில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து எடுத்தார்களாம். பிறகு ஓர் ஆள் ஆழம். பிறகு ஒரு தென்னை ஆழம். அட்டை இறங்க இறங்க இவர்களும் இறங்கினார்கள். ஒரு நாள் இடது காது உள்ளே வெடித்து, மூக்கு வழியாக ரத்தத்தோடு மேலே வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கேட்காது. அவரிடம் பேச வேண்டும் என்றால் வலது பக்கம்தான் உட்கார வேண்டும். அக்காவுக்கு அவரைத் திட்ட வேண்டும் என்றால் எழுந்து சுற்றிக்கொண்டு வலது பக்கம் போவாள். அதற்குள் பாதிக் கோபம் போய்விடும்.

"கடைசி அட்டையை நான்தான் எடுத்திருப்பேன்னு நெனைக்கிறேன். அப்புறம் யாருக்கும் ஒண்ணும் கிடைக்கல" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

எனக்கு மீன் கம்பெனியில் வேலை. நீளமான எஃகு மேசை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் உறை, பனிக்கட்டிக் குளிரில் விரல் மரத்துப் போகிற வேலை. அந்த ஆறு படகு மீன் வருகிற நாளில் மேசைக்கு மேசை ஒரே முட்டைதான். வயிற்றைக் கீறினால் மஞ்சளாகச் சரிந்து விழும். அதைத் தனித் தொட்டியில் போடச் சொல்வார் மேற்பார்வையாளர். ஆரம்பத்தில் என் முழங்கை நீளத்துக்கு மீன் வந்தது. பிறகு உள்ளங்கை அளவுக்கு வந்தது. உள்ளங்கை அளவு மீனிலும் முட்டை இருந்தது. பெரிசாக வளர நேரமில்லை என்று அந்த மீன்களுக்கே தெரிந்துவிட்டதோ என்னவோ.

வீட்டில் சொன்னேன். "நாம விட்டா மட்டும்? எவனாவது வந்து அள்ளிட்டுப் போவான்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் சொன்ன எவனாவது கொஞ்ச நாளிலேயே வந்துவிட்டான். ஆனால் மீன் அள்ள வரவில்லை.

அந்த வாரம் கடலிலிருந்து வந்தவர் தட்டில் கை வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டார். பட்டப்பகலில் நாங்கள் கதவு சாத்துவதே கிடையாது. அக்காவும் அத்தானும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அத்தான் தன் நாற்காலியைத் திருப்பி வலது காதைக் கொடுத்தார்.

"மூடுன கடல்ல வேற படகுங்க நிக்குது சகல. பேரு, நம்பரு எல்லாத்தையும் சாயம் பூசி அழிச்சிருக்கானுங்க. மேல வலையே இல்ல. ஒருத்தன் கயிறு தூக்கிப் போட்டான் பாரு, அவன் உள்ளங்கையில ஒரு காய்ப்பு இல்ல. மீன் பிடிக்கிறவன் கை இல்ல அது."

"என்ன கேட்டானுங்க?"

"ஒண்ணே ஒண்ணுதான். பெட்டி இருக்கான்னு கேட்டான். இல்லைன்னேன். நல்லதுன்னு சிரிச்சான். அதுலேர்ந்து நாங்க எங்க போனாலும் எங்களுக்கு நடுவுல நடுவுல வந்து நிக்கிறானுங்க."

அவர்கள் என்ன கடத்துகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயமாக இருந்தது. ஆனால் நடுவில் வந்து நிற்பது எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்தது. பெட்டி இல்லாத படகுகளுக்கு நடுவே நின்றால் அவர்களும் ஒரு மொட்டைப் படகு. ரோந்துக் கப்பலுக்கு யார் மீனவன், யார் மற்றவன் என்று எப்படித் தெரியும்? எங்கள் ஆட்கள் மறைவாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இன்னொருத்தன் எங்கள் ஆட்களுக்குப் பின்னால் மறைந்துகொண்டான்.

இரண்டொரு நாளில் துறைமுக ஒலிபெருக்கி அலறியது. ரோந்துக் கப்பலின் மீது யாரோ ஒரு படகிலிருந்து சுட்டிருக்கிறார்கள். ஒரு மாலுமி இறந்துவிட்டான். இனிமேல் மூடிய கடலில் பெட்டி இல்லாமல் நிற்கிற எந்தப் படகும் எதிரிப் படகுதான், ஒரே ஒரு எச்சரிக்கை, அதற்குப் பிறகு கேள்வி கிடையாது. எல்லோரும் தயவுசெய்து பெட்டியோடு கடலுக்குப் போங்கள், அது உங்கள் பாதுகாப்புக்கு. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

"நம்ம பெட்டிக்கு என்ன, சும்மாகிட்ட பத்திரமா இருக்கு" என்று படகுத்துறையில் யாரோ சொல்ல, பத்துப் பேர் சிரித்தார்கள். நான் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சகல, நாளைலேர்ந்து பெட்டியை நீயே வெச்சுக்க."

"வெச்சுக்கிட்டு? திறந்த கடல்ல தண்ணியை வடிகட்டவா?"

"பெட்டியோட மூடுன கடலுக்குப் போனா என்ன பண்ணுவாங்க? லைசென்ஸைப் பிடுங்குவாங்க. கேஸ் போடுவாங்க. அவ்ளோதானே? பெட்டி இல்லாம போனா..." மேலே சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

"அத்தான் சொல்றதைக் கேளுங்களேன். உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்" என்றேன் நான்.

"கேக்கறேன். நாளைக்கு உன் கம்பெனி மேசையில என்னத்தை வெட்டுவே? உன் விரலையா?" அப்படி எரிந்து விழுகிற ஆள் இல்லை அவர். பயந்துபோயிருந்தார், அதனால்தான் கத்தினார். கொஞ்ச நேரம் கழித்து அவரே தணிந்து, "இந்த வாரத்தோட முட்டை மீன் முடிஞ்சிரும். அதுக்கப்புறம் போகல, சரியா?" என்றார்.

அத்தான் தலையாட்டவில்லை. "அப்ப நான் வரல. பெட்டி மேய்க்க வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்போம். முதலாளி மறுநாள் காலை வேறு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு அத்தான் வீட்டுக்கே வந்தார், பீப்பாய்களை வாங்கிப் போக. வந்தவன் பீப்பாய்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு? கயிறு பாதி நீளம் போதும், ஒரே இடத்துல நங்கூரம் போட்டுப் படுத்துக்குவேன்" என்றானாம். அத்தானுக்குத் தாங்கவில்லை. "இவன் மத்தியானத்துக்குள்ள ஆறு பேரையும் மாட்டி விட்ருவான்" என்று அக்காவிடம் பொரிந்து தள்ளிவிட்டு, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பிவிட்டார்.

அந்தச் சோம்பேறி போயிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் எல்லோரும் மாட்டியிருக்க வேண்டும். இன்றைக்கும் அவன் என் எதிரே வந்தால் அவன் சட்டையைப் பிடித்து, ஏனடா நீ கொஞ்சம் அடம் பிடித்து நிற்கவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது. அத்தானுக்குத் தன் வேலையின் மேல் கர்வம். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்கிறோம் என்ற கர்வம். நல்ல மனுஷனுக்குக் கூட அது வந்தால் கண் தெரியாது.

அந்த வாரம் முடிவதற்கு முன்பே அது நடந்தது. காற்றே இல்லாத நாள். கம்பெனியில் பக்கத்து மேசைக்காரிக்கு ஒரு போன் வந்தது. அவள் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"மூடுன கடல்ல சுடுறாங்களாம்டி."

பூட்ஸைக் கழற்றவில்லை, கையுறையைக் கழற்றவில்லை. அப்படியே ஓடினேன். அலுவலகத்து மாடிப்படி முழுக்க மீன் தண்ணீர் சொட்டிக்கொண்டே ஏறினேன். அக்கா எனக்கு முன்னாலேயே வந்து சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் நான்கைந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. சின்ன வயசு, தூக்கமில்லாத கண். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "பதறாதீங்கம்மா, எந்தப் படகு?" என்றார். என் வீட்டுக்காரர் படகின் பெயரைச் சொன்னேன். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி, ஒரு பச்சைப் புள்ளியில் விரலை வைத்தார்.

"இதோ. திறந்த கடல்ல அமைதியா தொழில் பண்ணிட்டிருக்காரு. ஆறு படகும் இங்கதான் இருக்கு பாருங்க. இன்னிக்குன்னு இல்ல, என்னிக்குமே இந்த ஆறும் கோடு தாண்டாது. சுடறது கடத்தல்காரங்களை. நீங்க வீட்டுக்குப் போங்க."

அந்தப் புள்ளி மெதுவாக நகர்ந்தது. வலை இழுக்கிற வேகம். ஒரு நிமிஷம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானே அதை நம்பினேன். அவர் பத்திரமாக இருக்கிறார் என்று என் நெஞ்சு ஒரு நிமிஷம் ஆறியது.

அதிகாரி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். "அந்தக் கடத்தல்காரங்க லேசுப்பட்ட ஆளுங்க இல்ல. கொஞ்ச முன்னாடி எவனோ ரேடியோல வந்து கத்தறான். சுடாதீங்க, அதெல்லாம் எங்க ஊர்ப் படகு, பெட்டி எல்லாம் என்கிட்ட இருக்குன்னு இந்த ஆறு படகு பேரையும் வரிசையாச் சொல்றான். கப்பல்லேர்ந்து எங்களைக் கேட்டாங்க. நாங்க திரையைப் பார்த்தோம். ஆறும் பத்திரமா இங்க இருக்குன்னு சொல்லிட்டோம்."

அத்தான் தன்னைத்தானே காட்டிக்கொடுத்திருக்கிறார். அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பச்சைப் புள்ளிகளைத்தான் நம்பினார்கள். அவ்வளவு சுத்தமாக மேய்த்திருந்தார்.

நான் வாயைத் திறந்தால் ஆறு படகும் போகும், அத்தான் உள்ளே போவார். திறக்காவிட்டால் என் வீட்டுக்காரர் போவார். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் என் கையை விட்டாள். நேராகப் போய் அந்தத் திரையில், அதிகாரி விரல் வைத்திருந்த அதே இடத்தில், தன் விரலை வைத்தாள்.

"சார், இது இவ வீட்டுக்காரர் இல்ல. என் வீட்டுக்காரர்."

"என்னம்மா சொல்றீங்க?"

"ஆறும் என் வீட்டுக்காரர்தான் சார். ஆறு பீப்பாய். ரேடியோல கத்தினதும் அவர்தான். சுட வேண்டாம்னு சொல்லுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் அக்காவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பலாமா கூடாதா என்று அவர் முகம் தவித்தது. "திரை தப்பாக் காட்டாதும்மா" என்றார், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. அப்போதுதான் அக்கா, "பாருங்க, பாருங்க" என்று கத்தினாள்.

கடைசிப் புள்ளி அடுத்த புள்ளியை நோக்கி நகர ஆரம்பித்தது. பிறகு அந்த இரண்டும் மூன்றாவதை நோக்கி வந்தன. கடலில் அத்தான் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். பேச்சை நம்பாதவர்களுக்கு அவரால் வேறு எப்படிச் சொல்ல முடியும்? பீப்பாய்களை ஒவ்வொன்றாகத் தன் படகில் ஏற்றினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறு படகுகளும் ஒரே புள்ளியாகிவிட்டன. எந்தக் கடலிலும் ஆறு படகுகள் அப்படி நிற்க முடியாது.

அதிகாரி ரேடியோவை எடுத்த வேகத்தில் நாற்காலி கீழே விழுந்தது. "நிறுத்துங்க, நிறுத்துங்க, அதெல்லாம் நம்ம ஆளுங்க!" என்று கத்தினார். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு ஒரு குரல், சுடுவதை நிறுத்திவிட்டோம் என்றது. ஐந்து படகுகள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. பெயர் அழித்த படகுகள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டன. முதலில் சுடப்பட்ட படகு எரிகிறது, ஆட்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறோம். படகை ஓட்டிய ஆள் மட்டும் வெளியே வரவில்லை.

எந்தப் படகு என்று அதிகாரி கேட்டார். கேட்டிருக்க வேண்டாம். அது என் வீட்டுக்காரர் ஓட்டிய படகு.

பொழுது சாய்கிற நேரத்தில் அத்தானின் சின்னப் படகு துறைமுகத்துக்குள் வந்தது. போலீஸ்காரர்கள் படகுத்துறையில் காத்திருந்தார்கள். கயிறு அறுத்து அவருடைய இரண்டு உள்ளங்கையும் ரத்தமாக இருந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. ஒரு பீப்பாயைத் திறந்து என் வீட்டுக்காரர் படகின் வெள்ளைப் பெட்டியை எடுத்து, கரையேறி வந்து, என் காலடியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னவோ சொன்னார், அழுகையில் ஒன்றும் புரியவில்லை. அவரை அடிக்க வேண்டும் என்று கையை ஓங்கினேன். அடிக்க முடியவில்லை. அக்கா அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, கேட்காத காதில் அவரைத் திட்டிக்கொண்டே அழுதாள்.

பெட்டியில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. "இதை அணைங்க அத்தான்" என்றேன். "இதுல அணைக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல சின்னவளே" என்றார். அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மாடியில், அலுவலகத் திரையில், என் வீட்டுக்காரர் அன்றைக்கும் பத்திரமாகக் கரை வந்து சேர்ந்திருந்தார்.